கிணத்துக்கடவுக் கணக்கில் நாம் எங்கே?

போன மாதம் ஒரு சாயங்காலம் கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டு வந்து பேசினார். ஊருக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். ஊர் வரலாறு, கோயில், ரயில், ரோடு, மக்கள்தொகை எல்லாம் ஒரே புத்தகத்தில். "தம்பி, நீங்க பத்திரிகையெல்லாம் நடத்தறீங்க. உங்க பக்கத்து விவரமும் அதுல வரட்டுமுங்க. ஒரு பக்கம் போதும்" என்றார்.

நல்ல மனுசன். வகுப்பில் யாரையும் சாதி சொல்லித் திட்டியவர் இல்லை. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விசயம். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தபிறகுதான் இரண்டு வார்த்தைகள் உறுத்த ஆரம்பித்தன. 'உங்க பக்கம்' என்பது ஒன்று. 'ஒரு பக்கம்' என்பது இன்னொன்று. ஊரின் வரலாறு என்பது அவர்கள் வைத்திருக்கும் புத்தகம், அதில் நமக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேரிக்கு ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கியது மாதிரியே.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுத முடியாமல் போனதைத்தான் இந்த இதழின் தலையங்கமாக உங்கள் முன் வைக்கிறேன்.

*

வாத்தியார் கொடுத்த குறிப்பு என் மேசையில் இருக்கிறது. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கும் ஊர். பொன்மலையில் வேலாயுதசாமி கோயில். 1915-ல் போத்தனூர் பொள்ளாச்சி ரயில்பாதை. அகலப்பாதையாக மாறி 2017-ல் மறுபடியும் வண்டி ஓடியது. பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், சட்டமன்றத் தொகுதி, இப்போது தாலுகா. தக்காளி மார்க்கெட். ஊருக்கு மேலே மேம்பாலம். 2011 கணக்கெடுப்பில் பத்தாயிரத்தைத் தொடாத மக்கள்தொகை.

எல்லாம் சரி. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரின் பெயரிலேயே இருக்கும் கிணறு மட்டும் அந்தக் குறிப்பில் இல்லை.

கிணத்துக்கடவு. இலக்கணப்படி எழுதினால் கிணற்றுக்கடவு என்று வரவேண்டும். பேச்சு வழக்கில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே அரசாங்கப் பலகையில் ஏறிவிட்ட ஊர் இது. வாயில் வந்த சொல்லை ஏற்றுக்கொண்ட அரசாங்கம், அந்தச் சொல்லைச் சொன்ன வாய்களில் எந்த வாய் கிணற்றில் தண்ணீர் குடித்தது, எந்த வாய் குடிக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை.

கொங்குச் சீமையில் ஆற்றுப்பாசனம் கொஞ்சம். இங்கே விவசாயம் என்றால் கிணறுதான். 1887-ல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்த மாவட்டத்துக் கிணறுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகள் அவை. கடப்பாரை பிடித்தது யார்? வெடி வைத்து உடைத்த கல்லைத் தலையில் சுமந்து மேலேற்றியது யார்? ஒட்டர்களும் நம்ம ஆளுகளும். தண்ணி கண்டதும் பொங்கல் வைத்துக் கும்பிட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

தோண்டியதோடு முடியவில்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது கவலை ஏற்றத்தால். இரண்டு எருது, ஒரு வடக்கயிறு, ஒரு தோல்பறி. மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, தைத்து, அந்தப் பறியைச் செய்து கொடுத்தவன் மாதாரி. என் தாத்தன் அதைத்தான் செய்தார். பறி கிழிந்தால் ராத்திரியென்றாலும் ஆள் வரும். "ஏ மாதாரி, தண்ணி பாதியிலேயே ஒழுகுது, வாடா" என்று. ஓடவேண்டும். பயிர் காய்ந்தால் அவன் தலைமேல்தான் விழும். பறி, செருப்பு, எருதுக்கு வார், சாட்டை எல்லாம் கொடுத்ததற்கு அறுவடை முடிந்தபிறகு களத்தில் கொஞ்சம் தவசம். அதுவும் கும்பிட்டு வாங்கவேண்டும்.

தாத்தன் தைத்த தோல் கிணற்றுக்குள் போகலாம். தண்ணீரில் முங்கி எழலாம். அந்தத் தண்ணீர் தோட்டம் முழுக்கப் பாயலாம். சோளமும் கம்பும் கடலையும் அதில் விளையலாம். விளைந்ததைப் பண்ணாடி வீட்டில் பொங்கித் தின்னலாம். தீட்டு இல்லை. ஆனால் தாத்தனின் கை அதே கிணற்றில் ஒரு செம்பு மொண்டால் தீட்டு! இந்தக் கணக்கை எந்த வாத்தியார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்?

எங்க ஆயா குடத்தோடு ஊர்க்கிணற்று ஓரமாக நிற்குமாம். யாராவது ஒரு கவுண்டச்சி மனசு வைத்து தூர இருந்து ஊற்றினால் தண்ணி. இல்லையென்றால் நிற்கவேண்டியதுதான். "எத்தன நேரம் நிப்பே ஆயா?" என்று கேட்டேன். "நெழலு கால்ல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் போற மட்டும்" என்றது. ஆயாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் நின்ற நேரத்தை நிழலில் அளந்து ஞாபகம் வைத்திருந்தது.

1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்து மகாட் ஊரில் சவுதார் குளத்துக்கு பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பம்பாய் சட்டசபை 1923-லேயே பொதுக்குளம், பொதுக்கிணறு எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது. நடுவில் சாதி இருந்தது. எங்க ஆயாவுக்கு மகாட் தெரியாது. மகாட்டைத் தெரிந்த நமக்கு ஆயா நின்ற இடம் தெரியவேண்டாமா? அந்த இடம் ஊர் மலரில் வருமா?

*

வரலாறு என்றால் ராஜா வந்தார், கோயில் கட்டினார், வெள்ளைக்காரன் வந்தான், ரயில் விட்டான் என்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வளவின் வரலாற்றை அப்படி எழுதமுடியாது. அதைப் பசியை வைத்தும், தோலை வைத்தும், மோட்டாரை வைத்தும்தான் எழுதமுடியும்.

சென்னை மாகாணத்தில் 1871-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அடுத்த கணக்கு 1881-ல். நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். பத்து வருசத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை கூடவேண்டியதற்குப் பதிலாகக் குறைந்தது. குறைந்தவர்கள் யார்? குதிரில் தவசம் வைத்திருந்தவனா, அன்றாடம் கூலி வாங்கிக் கஞ்சி காய்ச்சியவளா? நிலமில்லாத கூலிகள்தான் பஞ்சத்தில் முதலில் செத்தார்கள். மாவட்டத்தின் மக்கள்தொகை 'குறைந்தது' என்று ஒரே சொல்லில் முடிகிறதே, அந்தச் சொல்லுக்குள் எத்தனை வளவு காலியாகியிருக்கும்!

1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் வந்தது. கோவைக்கு மில்லுகள் பெருகின. அப்புறம் 1950, 60களில் கிராமத்துத் தோட்டங்களுக்குக் கரண்ட் வந்தது. கவலை போய் மோட்டார் வந்தது. பம்புசெட்டுக்குப் பெயர்போன ஊர் கோவை என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையின் மறுபக்கத்தில் என் தாத்தன் உட்கார்ந்திருக்கிறார். பறிக்கு வேலை இல்லை. தவசம் இல்லை. செருப்பும் கடையில் வந்துவிட்டது. நூற்றாண்டுகளாக ஊருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த தொழில் ஒரு தலைமுறைக்குள் அழிந்தது. யாரும் நட்ட ஈடு பேசவில்லை. நெசவாளிக்குத் தறி போனால் அது தொழில் நசிவு. மாதாரிக்குத் தோல் போனால் அது முன்னேற்றமாம்!

நான் தோல்வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த நாற்றமும் அந்த இழிவும் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. போனது இழிவு மட்டுமாக இருந்திருந்தால் சரி. வேலை போனது, இழிவு போகவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

பிறகு பண்ணையம். வருசக் கூலிக்கு ஆள், அவன் பெண்டாட்டி சாணி வழிக்க, பிள்ளை ஆடு மேய்க்க. வாங்கின கடன் கழியாது. கொத்தடிமை முறையை ஒழித்து 1976-ல் சட்டம் வந்தது. சட்டம் வந்த சேதி தோட்டத்துச் சாளைகளுக்கு வந்துசேர இன்னும் பல வருசம் ஆனது. அதற்குள் பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் கடலையும் சோளமும் குறைந்து தென்னை நிறைந்தது. தென்னைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றானதும் பண்ணையம் தானாகக் கழன்றது. நம்மை விடுதலை செய்தது சட்டமா, தென்னைமரமா என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

இன்று நம் பிள்ளைகள் கல்குவாரியில் இருக்கிறார்கள், தென்னைநார் மில்லில் இருக்கிறார்கள், தக்காளி மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறார்கள், மலுமிச்சம்பட்டிப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். கொஞ்சம் பேர் படித்து உத்தியோகத்துக்கும் போயிருக்கிறார்கள். டீக்கடையில் கொட்டாங்குச்சி போய்த் தனி டம்ளர் வந்தது. தனி டம்ளருக்கு எதிராகப் போராடினோம். இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப். கடைக்காரருக்கு நிம்மதி. குடித்துவிட்டுக் கசக்கி எறிகிற கப்பில் தீட்டும் போய்விடுகிறது, கேள்வியும் போய்விடுகிறது.

*

இனி மக்கள்தொகைக்கு வருவோம். வாத்தியாரின் குறிப்பில் கடைசி வரி அதுதான்.

2011 கணக்கின்படி கோவை மாவட்டத்தில் 34 லட்சத்து 58 ஆயிரம் பேர். அதில் பட்டியல் சாதியினர் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் 1 கோடியே 44 லட்சம் பேர், ஐந்தில் ஒருவர். பெரிய எண்கள்தான். ஆனால் எண்ணைச் சொல்வது வேறு, எண்ணுக்குள் போய்ப் பார்ப்பது வேறு.

2001 கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் 76 சாதிகள். அதில் 'சக்கிலியன்' என்று ஒரு வரி, 7 லட்சத்து 77 ஆயிரம் பேர். 'அருந்ததியர்' என்று இன்னொரு வரி, 7 லட்சத்து 71 ஆயிரம் பேர். இரண்டு வரியும் யார்? ஒரே மக்கள். அண்ணன் ஒரு வரியிலும் தம்பி ஒரு வரியிலும் இருக்கக்கூடும். மாதாரி என்று சொன்னவர் இன்னொரு வரி. ஆதி ஆந்திரர் என்று சொன்னவர் வேறொரு வரி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி ரோட்டில் தமிழ் பேசும் மக்களுக்குத் தாய்மொழிக் கட்டத்தில் ஒரு குழப்பம் என்றால், சாதிக் கட்டத்தில் நாலு குழப்பம். பறையர், ஆதிதிராவிடர் என்று இரண்டு வரியாகப் பிரிந்து கிடப்பவர்களின் கதையும் இதுவே.

பெயர் ஏன் இத்தனை? வைத்தவர்கள் பலர் என்பதால். இழிவாக அழைத்த பெயரை ஊர் வைத்தது. அந்தப் பெயர் வேண்டாம் என்று நம் முன்னோர் வேறு பெயர் கேட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் கணக்கெடுப்பில் நம்மை எப்படிப் பதிவது என்பதையே ஒரு போராட்டமாக நடத்தினார். 1922-ல் எம்.சி. ராஜா ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களுக்காகச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதே காலத்தில் சட்டசபையில் இருந்த எல்.சி. குருசாமி அருந்ததியர் என்ற பெயரோடு நம் மக்களைத் திரட்டினார். மரியாதைக்காகக் கேட்ட பெயர்கள் அவை. ஆனால் பழைய பெயரை அழிக்காமல் புதுப் பெயரையும் பக்கத்தில் சேர்த்தபோது அரசாங்கத்தின் பேரேட்டில் நாம் துண்டு துண்டானோம். ஒன்றாக நின்றால் பதினைந்து லட்சத்துக்கு மேல், துண்டாக நின்றால் ஏழும் ஏழும்!

துண்டானால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 2008-ல் நீதியரசர் ஜனார்த்தனம் குழு அமைந்து, 2009-ல் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு. அந்தச் சட்டம் ஏழு பெயர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. அதன்பிறகுதான் நம் வளவுகளிலிருந்து பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்று கண்ணுக்குத் தெரிகிற அளவில் போனார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வாதங்கள் முழுக்க எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தன. எத்தனை பேர், எவ்வளவு வேலை கிடைத்தது, எவ்வளவு கிடைக்கவில்லை. எண்ணிக்கை இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை.

எண்ணிக்கையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் கணக்கெடுப்பாளரிடம் 'இந்து' என்று சொல்லவேண்டியிருக்கிறது. அவரைப் பொய்யராக்கியது யார்? சர்ச்சுக்குப் போனதும் ஊர் தன் தெருவுக்குள் வீடு கொடுத்துவிட்டதா?

நம்மை எண்ணுவதில் இந்த நாடு தவறாத இடம் ஒன்றுண்டு. 2019 டிசம்பர் 2 அன்று இதே மாவட்டத்து மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். அந்தக் கணக்கு மறுநாளே எல்லாப் பத்திரிகையிலும் சரியாக வந்தது.

*

அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களின் எல்லையில் ஒரு பலகை இருக்கும். ஊர்ப் பெயர், அதன்கீழ் மக்கள்தொகை. கிணத்துக்கடவு அளவுகூட இல்லாத ஊர்களுக்கும் அப்படி ஒரு பலகை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 1787-ல் அந்த நாட்டுக்கு எழுதிய அரசியல் சட்டம், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைப் பங்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடச் சொன்னது. ஐந்து கறுப்பு மனிதர் மூன்று பேர்! அந்த மூன்றும் கறுப்பர்களுக்கு ஓட்டாக வரவில்லை, அவர்களின் எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடமாகப் போனது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் எசமானின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம். பெரும்பாலும் பெயர் இருக்காது. அடிமைமுறை ஒழிந்தபிறகும் பல ஊர்களில், பொழுது சாய்வதற்குள் கறுப்பர்கள் வெளியேறிவிடவேண்டும் என்று நடைமுறை இருந்தது. அந்த ஊர்ப் பலகையின் மக்கள்தொகையில் கறுப்பர் இல்லை என்றால் அது தற்செயல் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தன் ஞாபகம் வந்தது. அவருக்கும் தோட்டத்தின் பெயர்தான் பெயர். இன்ன தோட்டத்து மாதாரி. அவருக்கென்று அப்பன் ஆத்தா வைத்த பெயர் வளவுக்குள் மட்டும் செல்லுபடியானது, ரேசன் கார்டு வரும்வரை.

*

தோழர்களே, இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், 2021-ல் எடுக்காமல் விட்ட மக்கள்தொகைக் கணக்கை 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து எடுக்கப்போவதாக 2025 ஜூனில் அரசு அறிவிப்பாணை வெளியிட்டது. அதில் எல்லோரிடமும் சாதி கேட்கப்படும் என்பது முடிவு.

'சாதி கேட்டால் சாதி வளரும்' என்று ஊருக்குள் பலர் இப்போது புதிதாகக் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துவோம். எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளிவந்தது 1931-ல். அதற்கப்புறம் 1951 முதல் 2011 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சாதி கேட்கப்பட்டது யாரிடம்? நம்மிடம். பழங்குடி மக்களிடம். மற்றவர்களெல்லாம் 'மற்றவர்கள்' என்ற ஒரே போர்வைக்குள் சுகமாகப் படுத்துக்கொண்டார்கள். நமக்குத்தான் சாதி உண்டு, அவர்களெல்லாம் வெறும் 'மக்கள்' என்பது மாதிரி! அறுபது வருசம் நம்மிடம் சாதி கேட்டபோது வளராத சாதி, இப்போது அவர்களிடம் கேட்டால் வளர்ந்துவிடுமா? 2023-ல் பீகார் அரசு சாதிவாரிக் கணக்கை வெளியிட்டபோது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 விழுக்காடு என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் அளவு அதுவரை அவர்களுக்கே தெரியாது. பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா?

ஆனால் நம் வளவுக்குள்ளேயே இன்னொரு குரல் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நான் கோசம் போட விரும்பவில்லை.

என் அக்கா மகன் கோவையில் கம்பெனி வேலை. சுந்தராபுரம் பக்கம் வாடகை வீடு. வீடு தேடியபோது மூன்று இடத்தில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டார்கள். நாலாவது இடத்தில் வேறு எதையோ சொல்லி வீடு பிடித்தான். போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டான்.

"மாமா, நீங்க பத்திரிகையில எழுதறீங்க, சாதியை மறைக்காம சொல்லுங்கன்னு. கணக்கெடுக்க வர்றவங்க வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னுட்டுக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? உண்மையச் சொன்னா அடுத்த மாசம் வீடு காலி பண்ணணும். பாப்பாவுக்கு இப்பத்தான் பள்ளிக்கூடம் சேர்த்திருக்கறேன்."

பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். 'கோழை' என்று அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் வளவில் இருக்கிறேன். என் சாதியை மறைக்க எனக்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. ஊரே சொல்லிவிடும். அவன் ஊரைவிட்டுத் தப்பித்துப் போனவன். தப்பித்த இடத்திலும் சாதி முன்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அவன் மறைப்பது வெட்கத்தால் அல்ல, கூரைக்காக. வெட்கப்படவேண்டியது கேட்ட வீட்டுக்காரர்கள்.

ஆனாலும் மாப்ளே, உனக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1948-ம் வருசக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீ சொல்லும் விவரத்தை வேறு யாரும் பார்க்க உரிமை இல்லை. இந்தமுறை நாமே விவரத்தைப் பதிந்துகொள்ளவும் வழி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்து வை. இல்லையென்றால் வருகிறவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல். வாசலில் கத்திக் கேட்காதே என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதை நம் இயக்கங்கள் இப்போதே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கவேண்டும். நம் பகுதிக்கு வரும் கணக்கெடுப்பாளர் சேரியின் முனையில் டீக்கடையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகக்கூடாது என்பதையும் சேர்த்து. நீ வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது உன் வாடகைக்காக. கணக்கில் சொல்வது உன் பாப்பாவுக்காக. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பெயர் என்பதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் கணக்கெடுப்பு நாளில் ஒவ்வொரு வளவும் முன்கூட்டியே கூடிப் பேசி ஒரே பெயரைச் சொல்வது நல்லது. சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் பேசுங்கள். 2001-ல் நடந்த ஏழும் ஏழும் இன்னொருமுறை வேண்டாம்.

*

கணக்கெடுப்பாளர் கேட்காத கேள்விகள் இருக்கின்றன. அவை நாமே கேட்கவேண்டியவை.

இந்த ஊரில் எத்தனை கிணறு? ஒவ்வொன்றும் யார் பெயரில்? நம் வீடுகளில் எத்தனைக்குப் பட்டா? 1892-ல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கென்று நிலம் ஒதுக்க ஆணையிட்டதே, பஞ்சமி நிலம், அதில் ஒரு சென்டாவது இந்தப் பக்கம் யார் பெயரிலாவது ஏறியதா? ஏறியிருந்தால் இன்று யார் கையில்? சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? தேர் நம் தெருவுக்கு வருமா? குவாரியில் செத்தவர், நார் மில்லில் விரல் போனவர், மலக்குழியில் இறங்கியவர் எத்தனை? ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்? 2025 ஏப்ரலில் தமிழக அரசு 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நல்லது. சொல்லை நீக்கிய இடத்தில் எந்தச் சொல் வந்தது, சொல் போனபிறகு தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது?

இந்தக் கேள்விகளோடு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் வளவில் வீடு வீடாகப் போய் எழுத ஆரம்பித்திருக்கிறோம். எழுதுவது பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. எல்லாக் கிழவிகளுக்கும் எந்தக் கிணற்றை யார் தோண்டினார்கள் என்று பேர் பேராகத் தெரிந்திருக்கிறது. இன்னாரோட அப்பன் அந்தக் கிணத்துல கல்லு விழுந்து காலு போனவன் என்று தேதி இல்லாமல், ஆனால் அட்சரம் பிசகாமல் சொல்கிறார்கள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வடசித்தூர், கோதவாடி, சொக்கனூர், அரசம்பாளையம் பக்கத்துத் தோழர்களும் தங்கள் ஊரில் இப்படி ஒரு நோட்டைத் தொடங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். கிழவிகள் காத்திருக்கமாட்டார்கள்.

வாத்தியாருக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். "ஐயா, எங்களுக்கு ஒரு பக்கம் வேண்டாமுங்க. ஊரோட பேர்லயே கிணறு இருக்குது. அந்தக் கிணத்தைப் பத்தின முதல் பக்கத்தை நாங்க எழுதறோம். மத்ததை நீங்க எழுதிக்கங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கமிட்டியில கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார்.

கேட்கட்டும். அவர்கள் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த நோட்டில் உள்ளவை அடுத்த இதழிலிருந்து இங்கே வரும்.

தோழமையுடன்,
ஆசிரியர்